இன்னைக்கு எவ்வளவு?

பிஸ்கட் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ‘டெஸ்ட் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அடுப்பிலிருந்து வரும் பிஸ்கட்டில் மணிக்கு ஒரு தட்டு எடுத்துப் பொடித்து, ஒரு சின்ன இயந்திரத்தில் வைத்து, ஈரம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. ஈரம் கூடினால் பிஸ்கட் நமத்துப்போகும். குறைந்தால் பொட்டலத்துக்குள்ளேயே நொறுங்கிவிடும். கண்ணாடித் தடுப்புக்குள் எட்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே இயந்திரங்கள் போடும் இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. அதனால் அவள் ஒருத்தி பேசாமல் இருப்பது யார் கண்ணிலும் படவில்லை.

வயது நாற்பத்து நான்கு. படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவுக்குச் செய்ததிலேயே கல்யாண வயது ஓடிவிட்டது. அம்மா போய் ஆறு வருஷம். மூன்றாவது மாடியில் ஒரு அறை, ஒரு சமையலறை, சனிக்கிழமைதோறும் தொழிற்சாலையில் கொடுக்கும் உடைந்த பிஸ்கட் பை, இவ்வளவுதான் அவள் குடித்தனம். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே கை பைக்குள் போய்விடும். பசி என்று சொல்ல முடியாது. பேச ஆள் இல்லாத வாய்க்கு அது ஒரு வேலை.

கூடப் பிறந்தவன் ஒரே அண்ணன். அம்மா இறந்தபோது வெளியூரில் வேலையாக இருந்தான். எல்லாம் முடிந்து மறுநாள் பெட்டியோடு வந்து இறங்கியவனைப் பார்த்து, “இதுக்கு நீ வராமலே இருந்திருக்கலாம்” என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டாள். “டிக்கெட் கிடைக்கல” என்றான் அவன். பிறகு குடும்பத்தோடு இந்த ஊருக்கே மாற்றலாகி வந்துவிட்டான். இரண்டு பஸ் மாறினால் அவன் வீடு. ஆனாலும் போக்குவரத்து அற்றுப்போயிற்று.

அப்படி இருக்கையில் ஒருநாள் தொழிற்சாலை ஆபீசுக்கு அவளைக் கேட்டு போன் வந்தது. ஓடிப்போய் எடுத்தாள்.

“நான் அண்ணி பேசறேன்” என்றது குரல். “உங்கண்ணனுக்கு ரெண்டு கிட்னியும் போச்சும்மா. எட்டு மாசமா டயாலிசிஸ் பண்றோம். என்னோடது சேரலைன்னுட்டாங்க. எனக்கு வேற யாரைக் கேக்கறதுன்னு தெரியல.”

அவள் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். “எங்க வரணும் அண்ணி, சொல்லுங்க” என்றாள்.

ரத்தம் சேர்ந்தது. மற்றச் சோதனைகளும் சேர்ந்தன. டாக்டர் அண்ணியை வெளியே அனுப்பிவிட்டு, “யாராவது உங்களை வற்புறுத்தறாங்களா?” என்று கேட்டார். “இல்லைங்க. கேட்டாங்க, அவ்வளவுதான்” என்றாள். ஆறு வருஷத்தில் யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

தடையாக நின்றது எடை ஒன்றுதான். அவள் உயரத்துக்கு எழுபத்து நான்கு கிலோவுக்குள் இருந்தால்தான் கத்தி வைப்போம் என்றார்கள். அவளோ எண்பத்தாறு புள்ளி நான்கு.

டயட்டீஷியன் ஒரு குள்ளமான அம்மாள். கொண்டையில் பென்சிலைச் செருகியபடி படபடவென்று பேசினாள். என்ன சாப்பிடலாம், எவ்வளவு நடக்கலாம் என்று தாளில் எழுதிக்கொடுத்தாள். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து நீட்டினாள்.

“தினம் காலைல எழுந்து பாத்ரூம் போயிட்டு வந்து, தண்ணிகூட குடிக்காம, மெஷின்ல ஏறுங்க. ஒரே இடம், ஒரே மாதிரி துணி. என்ன காட்டுதோ அதை அப்படியே எழுதுங்க. இறங்கினா சந்தோஷமா எழுதறதும், ஏறினா நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடறதும் கூடாது. உடம்பு ஒருநாளைக்கு ஒரு கிலோ ஏறும், இறங்கும். அதெல்லாம் கொழுப்பு இல்ல, பாதி தண்ணி.”

“ஈரம்” என்றாள் அவள்.

“அதேதான். மூணு மாசம் கழிச்சு நோட்டோட வாங்க.”

எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி, தரை சமமாக இருக்கும் இடம் தேடி, சமையலறை வாசலில் வைத்தாள். பிஸ்கட் பையை இனிமேல் வேண்டாம் என்று ஸ்டோரில் சொல்லிவிட்டாள். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி நடந்தாள். முதல் மூன்று வாரம் மெஷின் அவள் சொன்னபடி கேட்டது. எண்பத்தைந்து, எண்பத்து நான்கு, எண்பத்து மூன்று புள்ளி ஒன்று.

அதைவிடப் பெரிய சங்கதி, அண்ணியின் போன். தினமும் காலை ஏழு மணிக்கு டாண் என்று வந்துவிடும்.

“இன்னைக்கு எவ்வளவு?”

“எண்பத்து மூணு புள்ளி ஒண்ணு அண்ணி.”

“அட! நேத்தைக்கு இன்னைக்கு இருநூறு கிராம்! இரு, உங்கண்ணன்கிட்ட சொல்லிட்டு வரேன்.” அண்ணி போனைக் கீழே வைத்துவிட்டுப் போவதும், உள்ளே ஏதோ பேச்சும், பாத்திரம் விழும் ஓசையும், பையனை “ஷூவை எங்கடா போட்ட?” என்று அதட்டுவதும் இங்கே கேட்கும். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் அந்த வீட்டையே கேட்டுக்கொண்டு நிற்பாள். அண்ணன் மட்டும் லைனுக்கு வரமாட்டான். தூங்குகிறான், டயாலிசிஸ் போயிருக்கிறான், அசதியாக இருக்கிறான் என்று தினம் ஒரு காரணம். அவளும் கேட்டு வற்புறுத்தவில்லை.

நான்காவது வாரம் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஒருவர் ஓய்வு பெற்றார். விருந்து வைத்தார்கள். பொரித்தது, உப்புப் போட்டது, இனிப்பு எல்லாம் இருந்தன. ஏன் சாப்பிடவில்லை என்று யாராவது கேட்டால் சொல்வதற்குப் பதிலைத் தயார் செய்துகொண்டு போனாள். ஒருவரும் கேட்கவில்லை. ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

மறுநாள் மெஷின் எண்பத்து நான்கு புள்ளி மூன்று காட்டியது. இறங்கி மறுபடி ஏறினாள். அதேதான். நோட்டில் எழுதினாள். ஏழு மணிக்குப் போன் வந்தது.

“ஏறியிருக்கு அண்ணி. எண்பத்து நாலு புள்ளி மூணு.”

“ஓ” என்றாள் அண்ணி. “சரி, பாத்துக்கோ.” போன் வைக்கப்பட்டுவிட்டது.

அன்றைக்குக் காலை அந்த அறையில் அவ்வளவு நேரம் மிச்சம் இருந்தது. பஸ்சுக்குக் கிளம்ப இன்னும் நாற்பது நிமிஷம். கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் எண்பத்து நான்கு புள்ளி ஒன்று. நோட்டில் எழுதிவிட்டு, போனில் “எண்பத்து மூணு” என்றாள். வாய் தானாகச் சொன்ன மாதிரி இருந்தது. அண்ணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பையனுக்குக் கணக்கில் நல்ல மார்க், மாடி வீட்டுக்காரி குழாயைத் திறந்துபோட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள், உங்கண்ணன் நேற்று ராத்திரி அசந்து தூங்கினார் என்று பன்னிரண்டு நிமிஷம் பேசினாள்.

பொய்க்கு ஒரு கால் ஊன்ற இடம் கிடைத்தால் போதும். நிஜ எடை ஏறும், நிற்கும், இரண்டு நாளில் எழுநூறு கிராம் இறங்கும், மறுநாள் ஐந்நூறு திரும்ப வரும். போனில் சொல்லும் எடை மட்டும் நல்ல பிள்ளை மாதிரி தினம் நூறு, நூற்றைம்பது கிராம் இறங்கிக்கொண்டே போயிற்று. நோட்டில் பொய் எழுத அவளுக்குக் கை வரவில்லை. இருபது வருஷமாக இயந்திரம் காட்டியதை எழுதியே பழகிய கை. ஆக, ஒரே பெண்ணுக்கு இரண்டு உடம்பு ஆயிற்று. நோட்டில் இருந்தவள் எண்பது புள்ளி மூன்று. அண்ணியோடு பேசியவள் எழுபத்தாறு.

பதினோராவது வாரம் திங்கட்கிழமை அண்ணி சொன்னாள்: “எழுபத்தாறு வந்துடுச்சுல்ல, இன்னும் ரெண்டு கிலோதானே, எதுக்கு மூணு மாசம் முடியக் காத்திருக்கணும்? வியாழக்கிழமைக்கே அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன். அன்னைக்கே ஆபரேஷன் தேதி குறிச்சுடலாம்.”

“சரி அண்ணி” என்றாள்.

மூன்று நாள் அவள் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடவில்லை. புதன்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீரும் குடிக்கவில்லை. உதடு வெடித்தது. வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரிக் கூடத்தில் அண்ணி அவளைத் தேடி வந்து, மேலும் கீழும் பார்த்து, “இளைச்சுத்தான் இருக்க” என்றாள். அந்தக் குரலில் லேசான சந்தேகம் இருந்தது.

டயட்டீஷியன் அறையில் பெரிய மெஷின். ஏறினாள். எழுபத்தொன்பது புள்ளி ஒன்று.

“உங்க மெஷின் தப்பு” என்றாள் அண்ணி உடனே. “வீட்ல எழுபத்தாறுதானே? சொல்லும்மா.”

அவள் மெஷினை விட்டு இறங்கவில்லை. “மெஷின் சரியாத்தான் காட்டுது அண்ணி. நான்தான் பொய் சொன்னேன்.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு மாசமா.”

அண்ணியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. “நான் தினம் அவர்கிட்ட போய்ச் சொன்னேனே. அவர் நாளை எண்ணிட்டு இருக்கார். இப்ப வீட்டுக்குப் போய் நான் என்னன்னு சொல்லட்டும்?” கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி எழுந்தாள். “குடுக்க இஷ்டமில்லன்னா முதல்லயே சொல்லியிருக்கலாம்.” கதவு அவளுக்குப் பின்னால் மெதுவாக வந்து மூடிக்கொண்டது.

டயட்டீஷியன் நோட்டை வாங்கிப் புரட்டினாள். கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, ஏழு ஏழு நாளாகக் கோடு கிழித்து, கூட்டி, வகுத்து ஓரத்தில் எழுதிக்கொண்டே போனாள்.

“இதுல பொய் எங்க இருக்கு?”

“அதுல இல்லைங்க. போன்லதான்.”

“எழுபது எழுபத்தஞ்சு நாள் ஒருநாள்கூட விடாம எழுதியிருக்கீங்க. எண்பத்து நாலு புள்ளி மூணையும் எழுதியிருக்கீங்க. இங்க வரவங்க அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு வருவாங்க.” நோட்டைத் திருப்பிக் காட்டினாள். “ஓரத்துல பாருங்க. வாராவாரம் சராசரி. குதிச்சுக் குதிச்சுப் போனாலும் ஒரு வாரம்கூட மேல போகல. நின்னு போச்சுன்னு நீங்களா நினைச்சுக்கிட்டு என்னத்துக்குப் பயந்தீங்க?” பிறகு கடைசி மூன்று வரியில் பென்சிலைத் தட்டினாள். “இது மட்டும்தான் எனக்குப் பிடிக்கல. பட்டினி கிடந்தீங்களா?”

தலையாட்டினாள்.

“கிட்னி குடுக்கறவங்க தண்ணி குடிக்காம வரீங்க. நல்லா இருக்கு நியாயம்.” ஒரு டம்ளர் நிறைய ஊற்றி நீட்டினாள். அவள் குடித்து முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

அதன் பிறகு காலை ஏழு மணிக்குப் போன் வரவில்லை. முதல் சில நாள் ஆறே முக்காலுக்கே போனைக் கட்டிலில் எடுத்து வைத்துக்கொண்டாள். அப்புறம் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விடுவாள். எழுதுவதை விடவில்லை. ஏறியதை எழுதினாள், இறங்கியதை எழுதினாள், ஞாயிற்றுக்கிழமை கூட்டி ஏழால் வகுத்தாள். சொல்ல யாரும் இல்லாததால், எண்பது புள்ளி ஆறு என்றால் எண்பது புள்ளி ஆறு, அவ்வளவுதான். தொழிற்சாலையில் யாரும் அவள் இளைப்பதைக் கவனிக்கவில்லை. சீருடை தொளதொளத்தபோது ஸ்டோர்காரர் மட்டும், “என்னக்கா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், அவள் சாப்பாட்டு இடைவேளையில் இருந்தபோது, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

“நான்தான்” என்றான் அண்ணன்.

“தெரியுது.”

“டயாலிசிஸ்ல படுத்திருக்கேன். நாலு மணி நேரம். பக்கத்து பெட்காரர்கிட்ட போன் வாங்கினேன். எப்படி இருக்க, குண்டூசி?”

சின்ன வயதில் அவள் குச்சி மாதிரி இருப்பாள். அவன் வைத்த பெயர் அது. முப்பது வருஷமாக யாரும் கூப்பிடாத பெயர்.

“இப்ப அந்தப் பேர்ல முதல் பாதிதான் எனக்குப் பொருந்தும்” என்றாள்.

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, பின்னால் ஏதோ மெஷின் கூவி, யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். “உங்கண்ணி சொன்னா. நாலு கிலோ பொய் சொல்லிட்டாளாம் உங்க தங்கச்சின்னு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. எனக்கு ஒருநாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணிதான் கணக்கு. தாகத்துல பாத்ரூம் குழாய்ல வாயை வச்சுக் குடிச்சுடுவேன். இங்க வந்தா முதல்ல மெஷின்ல ஏத்துவாங்க. மூணு கிலோ ஏறியிருக்கும். ‘எவ்வளவு குடிச்சீங்க?’ன்னு கேப்பாங்க. ‘சொன்ன அளவுதான்’னு நானும் கூசாம சொல்வேன். மெஷின் என் காலுக்கடியில நின்னுக்கிட்டு இருக்கும், நான் சொல்வேன்.”

“அப்படிக் குடிக்காத. நெஞ்சுல தண்ணி கோத்துக்கும்.”

“ஆமாம்” என்றான். “அன்னைக்கும் நான் பொய்தான் சொன்னேன். டிக்கெட் கிடைக்கலன்னு சொன்னேன்ல, அம்மாவுக்கு முடியாதப்போ. டிக்கெட் இருந்துச்சு. ஸ்டேஷன்ல உக்காந்து ரெண்டு வண்டியை விட்டேன். அம்மாவை அந்தக் கோலத்துல பாக்கப் பயம். நீ இருக்க, பாத்துப்பன்னு இருந்துட்டேன்.”

தனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அம்மா கடைசி இரவு வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. “எனக்கும்தான் பயமா இருந்துச்சு” என்று மட்டும் சொன்னாள்.

“தெரியும்” என்றான். பிறகு, “இன்னைக்கு எவ்வளவு?” என்று கேட்டான்.

“எழுபத்தெட்டு புள்ளி அஞ்சு. நேத்து எழுபத்தெட்டு. ஏறியிருக்கு.”

“எனக்கு ரெண்டு புள்ளி எட்டு ஏறியிருக்கு. நீ பரவாயில்ல.”

வாரத்தில் மூன்று நாள் அவனுக்கு டயாலிசிஸ். மூன்று நாளும் மத்தியானம் போன் செய்தான். அவள் தன் எடையைச் சொல்வாள், அவன் தன் தண்ணீரைச் சொல்வான். ஏறினாலும் பேச்சு நின்றுபோகவில்லை. ஏறிய நாளில்தான் இருவரும் அதிகம் பேசினார்கள். மற்ற வேலை நாட்களில் அவள் பழையபடி கண்ணாடித் தடுப்புக்குள் டப்பாவைத் திறந்து, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாள்.

ஆறரை மாதத்தில் வாரச் சராசரி எழுபத்து மூன்று புள்ளி எட்டுக்கு வந்தது. தேதி குறித்தார்கள். அண்ணி கையெழுத்துப் போட வந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னைக்கு ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்” என்றாள். “நானும்தான் அண்ணி, ரெண்டு மாசமா” என்றாள் அவள்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. அண்ணனைத் தொற்று வராமல் கண்ணாடி அறையில் வைத்திருந்தார்கள். வெளியே அண்ணி, பையன், அண்ணியின் அக்கா தங்கைகள், ஆபீஸ் நண்பர்கள் என்று ஒரு கூட்டம் மாறி மாறி எட்டிப் பார்த்தது. அவள் அதற்கு ஒரு மாடி கீழே, பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். அண்ணி காலையும் மாலையும் வந்து ஐந்து நிமிஷம் நின்று, மேலே யாராவது கூப்பிட்டதும் போய்விடுவாள். அதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. அவன்தானே நோயாளி.

மூன்றாம் நாள் காலை நர்ஸ் அவளை மெல்ல நடத்திப்போய் மெஷினில் ஏற்றினாள்.

“எழுபத்தேழு” என்றாள்.

“என்னது?”

“எழுபத்தேழு புள்ளி பூஜ்ஜியம்.”

“உள்ளே இருந்த ஒரு சாமானை எடுத்துக் குடுத்துட்டு மூணு கிலோ ஏறியிருக்கேனா?”

“டிரிப்ஸ் ஏத்தினோம்ல, அந்தத் தண்ணிதான். போயிடும்” என்றாள் நர்ஸ், சீட்டில் எழுதியபடி.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, சத்தமில்லாமல் சிரித்தாள். நர்ஸ் பயந்துபோய், “வலிக்குதா?” என்றாள். அண்ணனிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான். ஆனால் கண்ணாடி அறைக்குள் போன் கிடையாது. கட்டிலுக்குத் திரும்பியதும் நோட்டில் எழுதிவைத்தாள்.

அவள் கொடுத்த கிட்னி அண்ணன் உடம்பில் ஒழுங்காக வேலை செய்தது. இரண்டு மாதத்தில் ஆபீசுக்குப் போக ஆரம்பித்துவிட்டான். டயாலிசிஸ் நின்றது. நான்கு மணி நேரம் படுத்துக்கிடக்கிற வேலை போயிற்று. முதலில் வாரம் இரண்டு முறை போன் செய்தான், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். பின்னால், “இந்த வாரம் ஆடிட்டிங், தலைக்கு மேல வேலை” என்று ஒரு செய்தி வந்தது. அவனுக்குத் தலைக்கு மேல் வேலை இருப்பது நல்லதுதான் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். அதற்காகத்தானே இத்தனையும். ஆனாலும் மத்தியானங்கள் நீண்டன. கண்ணாடித் தடுப்புக்குள் டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் பெரிதாகக் கேட்டது. ஒரு சனிக்கிழமை ஸ்டோர் பக்கம் போய், உடைந்த பிஸ்கட் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரே வாரத்தில் ஒன்றரை கிலோ. எழுதினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, போன் வருமா என்று பதினொரு மணி வரை பார்த்தாள். பிறகு நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். இரண்டு பஸ் மாறி, வழி கேட்டு, மாடி வீட்டுக்காரியின் குழாய் சொட்டும் படிக்கட்டில் ஏறி, கதவைத் தட்டினாள்.

அண்ணி திறந்தாள். ஈரக் கையோடு அப்படியே நின்றாள். “என்னம்மா, என்ன ஆச்சு? உடம்பு ஏதாவது…?”

“ஒண்ணும் இல்ல அண்ணி. சும்மாதான் வந்தேன்.”

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. “யாரு?” என்று அண்ணன் குரல் கேட்டது. அண்ணி ஒரு கணம் திகைத்து, பிறகு ஒதுங்கி வழி விட்டாள். நாற்காலியில் துவைத்த துணி மலையாகக் குவிந்திருந்தது. அண்ணி அதை அள்ள வருவதற்குள், அவள் துணிகளைத் தன் மடியில் வாரிப் போட்டுக்கொண்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள்.